பேச்சியக்காவின் வைஃபை வீடுகள்

குமுளியிலிருந்து கம்பம் போகும் பேருந்து மலை இறங்கிக்கொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. பேச்சியக்கா காலையில் எழுந்திருக்கவில்லை, தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார்கள். அடிவாரத்தில் இறங்கி, எதிரே வந்த வண்டியில் ஏறித் திரும்பினேன். வழியெல்லாம் அழுதேன் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் பாதி மலை ஏறுவதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரோடு பழகியவர்கள் இதைத் தவறாக எண்ணமாட்டார்கள்.

பேச்சியம்மாள் மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். குமுளியில் நாங்கள் இருவரும் ஒரே சுற்றுலா நிறுவனத்தில் வேலை பார்த்தோம். வருகிற விருந்தினரை மலையூர்களுக்குக் கூட்டிப்போய் அங்குள்ள வீடுகளில் தங்கவைப்பது அவர் பொறுப்பு; கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. எந்த வீட்டுக்குப் போனாலும் அவருடைய லேப்டாப் தானாகவே அந்த வீட்டு வைஃபையைப் பிடித்துக்கொள்ளும். எல்லா வீட்டுக்காரரும் எப்போதோ பாஸ்வேர்டு கொடுத்திருந்தார்கள். “எனக்கு இந்த மலையில எத்தனை வீடு இருக்கு பாத்தியா!” என்று அந்தப் பட்டியலைக் காட்டிப் பெருமையடிப்பார்.

ஒரு கட்டத்தில் அந்த லேப்டாப் அடிக்கடி படுத்துக்கொண்டது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் போட வேண்டும் என்றேன்.

“அப்பொ வைஃபை பாஸ்வேர்டும் போயிருமா சம்முகம்?”

“போயிரும்க்கா. போற எடத்துல மறுபடி கேட்டுக்கிடலாம்.”

“எப்பிடிலே கேக்க? ஒரு தடவ கேட்டா சொந்தம். ரெண்டாந்தடவ கேட்டா, மொதத்தடவ குடுத்தத மதிக்கலன்னு ஆயிரும்லா?”

லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தர மறுத்துவிட்டார். அது அவர் மடியில் இருக்கும்போதே நான் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, சேமித்த வைஃபைகளை எல்லாம் கோப்புகளாக எடுக்கும் கட்டளையை அடித்தேன். வீட்டுக்கொரு கோப்பு வந்து விழுந்தது. முடிந்தது என்று எழுந்தேன். அவர் விடவில்லை.

“தொறந்து காட்டு. பாத்தாத்தான் எனக்கு நம்பிக்கை.”

திறந்தால், பாஸ்வேர்டு இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தும் எண்ணுமாக ஒரு நீண்ட குழப்பம். அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டுமே புரியும் பூட்டு அது. விண்டோஸை மாற்றிவிட்டால் உதவாது. பாஸ்வேர்டு வெளிப்படையாக வரும்படி கட்டளையைத் திருத்தி மறுபடி எடுத்தேன். இப்போது ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிந்தது. சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ராகவேட்டனின் கோப்பைத் திறந்ததும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சிரித்தே பார்த்திராத அந்த மனிதர் தன் மனைவியிடம் ‘பிணங்கல்லே ஷைலஜே’ என்று பாஸ்வேர்டில் கெஞ்சியிருந்தார். கோபித்துக்கொள்ளாதே ஷைலஜா என்று பொருள். அவரே இப்போது ஊரெல்லாம் சொல்லிவிட்டதால் இதை எழுதுகிறேன்.

“மூடு, மூடு. இது படிக்கதுக்கில்ல, கனெக்ட் பண்ணுததுக்கு” என்றார் அக்கா. கோப்புகளை ஒரு பென் டிரைவில் போட்டு, அந்த டிரைவுக்கும் பூட்டுப் போடச் சொன்னார். லேப்டாப் சரியானபோது மழைக்காலம். கோப்புகளைத் திரும்ப ஏற்றுவதற்குள் விருந்தினர் வந்துவிட்டதால், அப்படியே சக்குபள்ளத்துக்குக் கிளம்பினோம்.

மதுரையிலிருந்து வந்த குடும்பம். மகள் கயல்விழிக்கு அன்று பிற்பகல் இணையத்தில் வேலைக்கான நேர்காணல். ராகவேட்டன் வீட்டில் வைஃபை நன்றாக இருக்கும் என்று அக்கா வாக்குக் கொடுத்திருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்ததும் பின்னால் சாலையில் மரம் விழுந்தது. செல்போன் கோபுரமும் செயலிழந்தது. ராகவேட்டனும் மனைவியும் கட்டப்பனைக்குப் போனவர்கள் மரத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். வீட்டில் இருந்த அவருடைய சித்திக்குப் பாஸ்வேர்டு தெரியாது. மின்சாரம் போயிருந்தது; இன்வெர்ட்டரின் தயவில் மோடத்தில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கயல்விழி முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள்.

“எதுக்கு அழுத? வீடு நம்ம வீடுதான்” என்றபடி அக்கா பைக்குள் கைவிட்டுப் பென் டிரைவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

டிரைவின் பூட்டைத் திறந்து, அந்த வீட்டுக் கோப்பை அக்காவின் லேப்டாப்பில் சேர்க்கும் கட்டளையை அடித்தேன். அவசரத்தில் கோப்பின் பெயரைத் தப்பாக அடித்துவிட்டேன். பிழை என்றது திரை. அக்கா என் தோளில் கை வைத்தார். “நிதானமா அடி. கெணத்துத் தண்ணிய ஆத்து வெள்ளமா கொண்டுபோவுது?” இரண்டாம் முறை ஏற்றுக்கொண்டது. சில நொடிகளில் வைஃபைக் குறி மூலையில் விரிந்தது. கயல்விழி அந்த லேப்டாப்பையே வாங்கிக்கொண்டு உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

வெளியே நாங்கள் காத்திருந்தோம். மழைச் சத்தம் உள்ளே கேட்கக்கூடாதென்று தகரக் கூரையின்மேல் சாக்கை விரிக்கச் சொன்னார் அக்கா. நானும் அந்தப் பெண்ணின் அப்பாவும் நனைந்துகொண்டே விரித்தோம். கதவு திறந்தபோது கயல்விழியின் முகத்தைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. பேச்சியக்கா அவளைத் தூக்கிச் சுற்றப் பார்த்து, முடியாமல், ராகவேட்டனின் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினார். பாட்டு எதுவும் இல்லை.

சாயங்காலம் மரத்தை வெட்டி அகற்றியதும் ராகவேட்டன் வந்தார். வந்தவரிடம் அக்கா முதலில் சொன்னது, “ஏட்டா, நீங்க இல்லாதப்போ உங்க வைஃபைய எடுத்துட்டேன்.”

“அது சேச்சிக்குத் தந்ததல்லே?” என்றார் அவர்; அக்காவுக்கு என்றோ கொடுத்ததுதானே என்று பொருள். அன்றுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

அக்காவின் இறுதிச் சடங்குக்கு மலையின் பல வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். ஒருவரையொருவர் அறியாதவர்கள், அக்கா எங்கள் வீட்டில் இப்படிச் செய்தார், அப்படிச் சொன்னார் என்று பேசிப் பேசிச் சிரித்தார்கள். கயல்விழி கணவனோடு வந்திருந்தாள்.

போன வாரம் மாட்டுப்பட்டியில் ஒரு புதிய வீட்டைப் பார்க்க அக்காவின் இடத்தில் நான் போனேன். அறை, வாடகை, தண்ணீர் வசதி என்று கேட்கவேண்டியதெல்லாம் மனதில் வரிசையாக இருந்தது. ஆனால் வாசலில் நின்ற பசு கன்று ஈனும் தறுவாயில் இருந்தது. வீட்டுக்காரர் அதன் முதுகைத் தடவியபடி கவலையாக நின்றார். வந்த வேலையை மறந்து, அவரோடு தொழுவத்தில் உட்கார்ந்து பசுவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். கன்று எழுந்து நின்றதும் அவர் கையைக் கழுவிக்கொண்டு, நான் கேட்காமலே, “போனை எடுங்க, வைஃபை பாஸ்வேர்டு சொல்லுதேன்” என்றார். எந்த வீட்டிலும் வேலையைப் பேசுவதற்கு முன் மனிதரோடு உட்காருவது: பேச்சியக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அதுதான்.