உள்ளானின் கறுப்புக் கால்கள்

ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் இடத்தில்தான் அவளுக்கு வேலை. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பம்ப் இயக்குபவள். அங்கே எல்லோருக்கும் ‘பம்ப் அக்கா’. வேலைக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில் மூன்றாம் தொட்டியின் கரையில் உட்கார்ந்து நீர்வண்ணத்தில் பறவைகளை வரைவாள். புழுவுக்கும் பூச்சிக்கும் அங்கே பஞ்சமே இல்லை என்பதால், பறவைகளுக்கு அந்த நாற்றம் ஒரு பொருட்டே அல்ல.

வரைவதில் அவளுக்கு ஒரு பிடிவாதம். கண்ணால் பார்த்ததைத்தான் வரைவாள். ஒரு குருவி முதுகைக் காட்டிவிட்டுப் பறந்துவிட்டால், தாளில் முதுகு மட்டும்தான் இருக்கும். தலை லீவில் போயிருக்கிறதா என்று கணவர் கிண்டல் செய்வார்.

நகரத்துப் பறவைகளைப் பற்றி ஒரு புத்தகம் தயாராகிறது, யாரும் படம் அனுப்பலாம் என்று செய்தி வந்தது. பதினோரு வருடமாக வீட்டு அலமாரியைத் தாண்டாத படங்கள். ஒன்றாவது அச்சில் வந்துவிடாதா என்று அவள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. இருப்பதிலேயே நல்லதாக ஒரு பவளக்கால் உள்ளானை அனுப்பினாள்.

படம் போன வேகத்தில் திரும்பி வந்தது. அந்த நெட்டைக் கால்கள் முழுக்கச் சிவப்பு என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். முட்டிக்குக் கீழே கறுப்பு அடித்தால் எப்படி? திருத்தினால் சேர்க்கலாம் என்று தொகுப்பாசிரியர் எழுதியிருந்தார்.

இரண்டு நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீர்வண்ணத்தில் கறுப்பின் மேல் சிவப்பு ஏறாது. ஆனால் புதிதாக வரைய ஒரு மதியம் போதும். சிவப்பாகவே போட்டுக் கொடுத்துவிடு, யார் வந்து காலைத் தொட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்றார் கணவர். தூரிகையைச் சிவப்பில் தோய்த்தும் விட்டாள். கை வரவில்லை. கழுவி வைத்துவிட்டுத் தொகுப்பாசிரியருக்கே போன் போட்டாள்.

“சார், நான் பாத்தது அதுதான். பாக்காதத வரைய எனக்கு வராது. ஒருதரம் நேர்ல வந்து பாருங்க.”

வந்தார். கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு, வசமாக மாட்டிக்கொண்டோமே என்ற முகத்தோடு நின்றார். தொட்டியோரச் சேற்றில் ஏழெட்டு உள்ளான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்று கரையேறி அவர் முன்னாலேயே நடந்தது. முட்டிவரை கறுப்புச் சேறு, அதற்கு மேல் பளிச்சென்ற சிவப்பு, காலுறை மாட்டியதுபோல. அடுத்ததும் அப்படித்தான் வந்தது. அவர் கைக்குட்டையைச் சட்டைப்பையில் திணித்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

“முப்பது வருஷமா சுத்தமான ஏரியிலயே பாத்துட்டேன்மா,” என்றார். “இதுல ஒரு புள்ளிகூட மாத்தாதீங்க. வேற என்னெல்லாம் வரைஞ்சிருக்கீங்க?”

மறுநாள் அலமாரியையே காலி செய்து கொண்டுவந்தாள். தொகுப்பாசிரியர் மறுபடியும் வந்து, கரையிலேயே பரப்பிவைத்து, மதியம்வரை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இருநூற்றுச் சொச்சத்தில் அறுபத்திரண்டை எடுத்துக்கொண்டார். புத்தகத்தில் பாதி அவளுடையது.

அவர் வண்டி வாசலைத் தாண்டும்வரை மரியாதையாக நின்றாள். பிறகு பம்ப் அறைக்குள் ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு, நான்கு மோட்டார்களின் இரைச்சலையும் மீறி “அறுபத்திரண்டு” என்று தொண்டை கிழியக் கத்தினாள்.