வெறும் நெத்தியோட இருந்த கார்டு

எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துல, வரிசையா ஒட்டியிருக்கிற அந்த வீடுகள்ல, என்னைய விட என் கார்டுக்குத்தான் மரியாதை ஜாஸ்தி. ஜப்பான்ல வயசானவங்களைப் பாத்துக்கிற வேலையில இருக்கேன். அங்க குடியிருக்கலாம்னு அந்த அரசாங்கம் குடுத்த கார்டு அது. லீவுக்கு லிந்துலைக்கு வந்த அன்னைக்கே அம்மா அதை வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க. கொழுந்து நிறுக்கிற எடத்துல, பைப்படியில, ஒரு எடம் பாக்கியில்லாம எல்லாருக்கும் காட்டினாங்க. "எம்மகளுக்கு இங்கயும் கார்டு, அங்கயும் கார்டு!" டவுன்ல கடை வச்சிருக்கிற முஸ்லிம் நானா கூட கண்ணாடியை மாட்டிப் பாத்துட்டு "மாஷா அல்லாஹ்"ன்னாராம்.

காட்டட்டுமேன்னு விட்டுட்டேன். இந்த நாட்டுல நீ யாருன்னு கேட்டா நீட்டுறதுக்கு ஒரு கடதாசி இல்லாம இருந்த குடும்பம் எங்களுது. அம்மாவுக்கே கல்யாணத்துக்கு அப்புறந்தான் அடையாள அட்டை கெடைச்சுச்சு.

ஆனா ஒண்ணை மட்டும் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். "அம்மா, திரும்பி வருவேன்னு அங்க எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன். அதுவும் இந்தக் கார்டும் சரியா இருந்தாத்தான் மறுபடி உள்ள விடுவாங்க. இது கெட்டுச்சுன்னா என் வேலையும் போச்சு."

"எனக்குத் தெரியாதாக்கும்"னாங்க.

பொறப்படுற அன்னைக்கு என் பெட்டி, பாஸ்போர்ட், கார்டு எல்லாத்தையும் சாமி படத்துக்கு முன்னால வச்சுக் கும்பிட்டாங்க. எங்க வீட்டுல சைக்கிளோ பள்ளிக்கூடப் புத்தகமோ, மஞ்சள் குங்குமம் படாம வாசல் தாண்டாது. நானும் கும்பிட்டுட்டு வேன்ல ஏறிட்டேன். ஹட்டன் தாண்டி பாஸ்போர்ட்டைத் தொறக்குறேன், ஐயோ! கார்டுல இருக்கிற என் போட்டோவுக்கு நெத்தியில மஞ்சளும் குங்குமமும் கொழச்சு வட்டமா ஒரு பொட்டு!

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. ஓடுற வேன்லயே போனைப் போட்டுக் கத்தினேன். "என்னம்மா செஞ்சு வச்சிருக்கீங்க? மூஞ்சி தெரியலைன்னா திருப்பி அனுப்பிருவாங்கம்மா!"

"கத்தாதடி. அதைக் காட்டித்தானே உள்ள போகணும்? வெறும் நெத்தியோட இருந்துச்சு, வச்சேன். சாமி பாத்த கார்டை எவன் திருப்புவான்?" போனை வச்சுட்டாங்க.

ஏர்போட் வரைக்கும் ஈரத்துணியால தொடச்சேன். குங்குமம் போச்சு. மஞ்சள் போவேனாங்குது. அம்மா மாதிரியே பிடிவாதம்.

ஜப்பான்ல எறங்கி வரிசையில நின்னேன். அதிகாரி கார்டை வெளிச்சத்துல பிடிச்சாரு. நகத்தால சொரண்டினாரு. "இது என்ன?"ன்னாரு. கறி பட்டுருச்சு, மருந்து கொட்டிருச்சுன்னு வழியெல்லாம் பொய் யோசிச்சு வச்சிருந்தேன். அதுல ஒண்ணையும் சொல்லப் பிடிக்கல. நான் எதுக்குப் பொய் சொல்லணும்?

நிமிந்து நின்னு அவங்க பாஷையிலயே சொன்னேன். "எங்கம்மா தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிக்கிறவங்க. நான் நல்லபடியா இங்க வந்து சேரணும்னு சாமி கும்பிட்டு வச்ச பொட்டு."

அவரு கார்டை மிஷின்ல வச்சாரு. மிஷின் ஏத்துக்கிச்சு. கார்டை ரெண்டு கையாலயும் பிடிச்சு நீட்டி, லேசா தலையைக் குனிஞ்சாரு. நானும் ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டேன்.

வெளிய வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். இங்க வெயில் ஏறிருச்சு, அங்க அப்பத்தான் காலைப் பெரட்டு. வேலைக்குப் பேர் குடுக்க எல்லாரும் நிக்கிற சத்தம் கேட்டுச்சு.

"உள்ள விட்டுட்டாங்கம்மா."

"விடாம?"

போனை வைக்க மறந்துட்டாங்க. அந்தக் கூட்டத்துக்கே கேக்குற மாதிரி அம்மா கத்துறது என் காதுல விழுந்துச்சு. "எம்மக போய்ச் சேந்துட்டா! பொட்டோடயே விட்டுட்டாங்க!"