திண்டில் தேய்த்த மெழுகு

கோவில்பட்டிக்கு அருகில் எங்கள் ஊர்த் தீப்பெட்டி ஆபீஸில் அம்மாவும் நானும் வேலை பார்க்கிறோம். போன வருடம் ஸ்கேட்போர்டு பழக ஆரம்பித்தேன். ஆபீஸின் பின்சுவரை ஒட்டி ஒரு சிமெண்டுத் திண்டு உண்டு. பலகையோடு அதன்மேல் தாவி, சக்கரங்களுக்கு நடுவிலுள்ள இரும்பு அச்சு விளிம்பில் உரச, வழுக்கிக்கொண்டே போக வேண்டும். எனக்கு எப்போதும் பாதியில் சிக்கிவிடும். விளிம்பில் மெழுகு தேய்க்கச் சொன்னது ஒரு வீடியோ.

எங்களுக்கு மெழுகுக்கா பஞ்சம்? தீக்குச்சிகளை மெழுகில் முக்கும் இடத்தில் தரையில் சிந்திக் கிடந்ததைச் சுரண்டி எடுத்து வந்து தேய்த்தேன். அதில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. தூசி என்று நினைத்தேன்.

தாவினேன். அச்சு உரசியதும் விளிம்பு நெடுகத் தீ ஓடியது. குச்சி முனையில் வைக்கும் மருந்து அந்த மெழுகில் கலந்திருக்கிறது.

"ஏட்டி, குதிச்சிரு" என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தோழி ஜெயராணி கத்தினாள். நான் பலகையை விட்டு இறங்கவில்லை. அவள்தான் என்னை இழுத்துத் தள்ளிவிட்டு, கரிசல் மண்ணை வாரி வாரிப் போட்டு அணைத்தாள். கணுக்காலில் கொப்புளத்தோடு தப்பினேன்.

அம்மா திட்டவில்லை. "சுவத்துக்கு அந்தப் பக்கந்தான் குச்சிக்கட்டு அடுக்கியிருக்கு. நாங்க நாப்பது பேரு உள்ள இருந்தோம்ட்டி" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது ஊருக்கு வெளியே, யாரும் புழங்காத களத்துத் திண்டில்தான் பழகுகிறேன். கடையில் வாங்கிய மெழுகுவர்த்தியைத்தான் தேய்க்கிறேன். அங்கே சுவர் கிடையாது. இருந்தும் அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று ஒவ்வொரு முறையும் சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பலகையில் கால் வைக்கிறேன்.