ஜன்னலுக்கு அந்தப்புறம் மூன்று குதிரைகள்

போடியில் எங்கள் வீட்டுப் பின்னறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரரின் குதிரை லாயம் தெரியும். மலைத் தோட்டங்களுக்கு அரிசி, பருப்பு ஏற்றிப் போய், ஏலக்காய் மூட்டைகளோடு இறங்கி வரும் பொதிக்குதிரைகள். நாற்றத்துக்குப் பயந்து, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அந்த ஜன்னலைத் திறந்ததே இல்லை.

அறுபதுகளின் கடைசி அது. இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போயிருந்தன. மூன்றாவது முறை, பிரசவம்வரை படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கணவர் கடைக்குப் போய்விடுவார். மாமியாருக்கு அடுப்படி வேலை. நான் விட்டத்தைப் பார்த்தபடி, இதுவும் போய்விடுமோ என்று அதையே நினைத்துக்கொண்டு கிடப்பேன். புழுக்கம் தாங்காமல் ஒருநாள் மாமியார் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

ஐப்பசி மழையில் மலைப்பாதை சரிந்து, குதிரைகளும் என்னைப் போலவே அடைந்து கிடந்தன. ஆனால் அவை சும்மா நிற்கவில்லை. வெள்ளைக்குதிரை காலி வாளியைப் பல்லால் கவ்வித் தூக்கித் தடாலென்று போடும். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் குதிரைக்காரர் ஓடிவந்தால், ஒன்றும் அறியாததுபோல் சுவரைப் பார்த்து நிற்கும். வயதான கறுப்புக்குதிரை, அடைந்து கிடக்கும் குதிரைகளுக்கு வரும் பழக்கத்தில், தடுப்புக் கட்டையைக் கடித்தபடி காற்றை உள்ளுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். செவலை நிறப் பெண்குதிரைக்குக் கதவின் கொண்டிதான் விளையாட்டு. உதட்டால் தள்ளித் தள்ளிப் பார்க்கும்.

ஒரு மத்தியானம் அது திறந்தேவிட்டது. நேராக என் கம்பியில்லாத ஜன்னலுக்கு வந்து தலையை உள்ளே நுழைத்து, தலைமாட்டில் இருந்த வாழைப்பழத்தைத் தோலோடு எடுத்துக்கொண்டது. எனக்கு எழுந்திருக்கவும் வழியில்லை. பயத்தில் ஆரம்பித்து, அது மென்ற அழகைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. நான் அழுகிறேன் என்று நினைத்து மாமியார் கரண்டியோடு ஓடிவந்தார்.

வெளியே குதிரைக்காரர் அதைப் பிடரியைப் பிடித்து இழுத்தார். “பயந்துட்டியா தாயி? ஒண்ணும் செய்யாது. சும்மா கெடக்க முடியல அதுக்கு.”

“எனக்குந்தாண்ணே” என்றேன்.

அவர் குதிரையை லாயத்துப் பக்கம் திருப்பினார். பிறகு நானே கேட்டேன்: “அங்கன எதையாச்சும் தொங்கவிட்டா வெளையாடுமாண்ணே?”

“கட்டிக் குடு, பாப்போம்.”

பழைய சேலையைக் கிழித்து, வைக்கோல் திணித்துப் பந்து தைத்துக் கொடுத்தேன். முதலில் மிரண்டாலும், சாயங்காலத்துக்குள் வெள்ளையும் செவலையும் அதை முட்டி முட்டி ஆடவிட்டன. கறுப்பு மட்டும் திரும்பியும் பார்க்கவில்லை. அதற்காகக் கயிற்றின் புரிகளைத் தளர்த்தி, இடையிடையே பச்சைப்புல்லைச் செருகி அனுப்பினேன். ஒவ்வொரு புல்லாக உருவித் தின்றது. அந்த நேரமெல்லாம் கட்டையைத் தொடவில்லை.

அதன் பிறகு எனக்கு ஓயாத வேலை. “தொரைமாரு பந்தைப் பிச்சுப்புட்டாக தாயி, வேற தையி” என்று அவர் தினமும் ஜன்னலில் வந்து நிற்பார். வாளி விழும் சத்தத்துக்கு வயிற்றில் பிள்ளை துள்ளும். விட்டத்தைப் பார்க்க எனக்கு நேரமில்லாமல் போயிற்று.

தை மாதம் பெரியகுளம் ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். டாக்டரம்மாவுக்குத் தட்டு நிறையப் பழமும் பட்டுச்சேலையும் வைத்துக் கொடுத்தோம். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, லாயத்துக்கு நான் வெல்லம் கொண்டுபோனேன். அதற்குள் பாதை சரியாகி, குதிரைகள் மலைக்குப் போய்வரத் தொடங்கியிருந்தன. செவலை வெல்லத்தை வாங்கிக்கொண்டு, என்னை யாரென்றே தெரியாததுபோல் கொள்ளுப் பக்கம் திரும்பிக்கொண்டது.

“நீங்களும் இதுகளும் இல்லாட்டி நான்...” என்று ஆரம்பித்தேன்.

“நீ இல்லாட்டி இதுக லாயத்தையே பிரிச்சு மேஞ்சிருக்கும். நாந்தான் ஒனக்கு நன்றி சொல்லணும்” என்றார் அவர். தோள் துண்டில் கையை நன்றாகத் துடைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார். “எங்க, ஆத்தாள இங்கன குடு.”

மகளை அவர் கையில் கொடுத்தேன்.