குறையாத கொழுப்பு

மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்ததும் நான் முதலில் சந்தேகப்பட்டது லேபைத்தான். பக்கவாதம் வந்து என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கெட்ட கொழுப்பு எவ்வளவு இருந்ததோ, ஏறக்குறைய அவ்வளவே இப்போதும் இருந்தது. கொழுப்பு மாத்திரையை தினமும் நானே உரித்து அவர் இடது கையில் கொடுக்கிறேன். வறுவல், பலகாரம் எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. அப்புறம் எப்படிக் குறையாமல் இருக்கும்?

குமாரபாளையத்தில் வேறொரு லேபில் மறுபடியும் ரத்தம் கொடுக்க வைத்தேன். பெரிய மாற்றமில்லை. மாத்திரை போலியாக இருக்குமோ என்று மருந்துக்கடையை மாற்றினேன்.

அவர் போர்வெல் வண்டியோடு வடக்கே ஊர் ஊராகப் போய்ப் பாறையைத் துளைத்தவர். வலது கை தளர்ந்து வீடு வந்ததிலிருந்து நாற்காலியை விட்டு அதிகம் எழுவதில்லை. பயிற்சி கொடுக்க வரும் பெண், "கை தூக்க வருதுங்க, அவருதான் தூக்க மாட்டேங்கறாரு" என்றாள். வேலைக்குப் போகாமலிருக்க நடிக்கிறாரோ என்றுகூட நினைத்தேன். இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

ரிப்போர்ட்டைப் பார்த்த நாமக்கல் டாக்டர், "தூங்கறாரா? யார்கிட்டயாவது பேசறாரா?" என்று என்னைக் கேட்டார்.

"கொழுப்பு குறையலைன்னு வந்தா தூக்கத்தைக் கேக்கறீங்களே?"

"பக்கவாதத்துக்கு அப்புறம் நிறையப் பேருக்கு மனச்சோர்வு வருதும்மா. ரத்தக் கொழுப்புக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு ஆராய்ச்சி பண்றாங்க, இன்னும் உறுதியாகலை. ஆனா மனசு விட்டுப்போனவங்க மாத்திரையையும் விட்டுடுவாங்க. அவரு முழுங்கறதை நீங்க பாத்தீங்களா?"

கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். முழுங்கியதைப் பார்த்ததில்லை. சம்பந்தம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்கிற டாக்டரையும் நான் முழுதாக நம்பவில்லை.

அன்று மாத்திரையைக் கொடுத்துவிட்டு சமையலறை ஜன்னல் ஓரம் நின்றேன். அவர் தண்ணீர் குடித்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாக எழுந்து, கொல்லையில் தென்னை மரத்தடிக்குப் போய், வாயில் ஒதுக்கியிருந்த மாத்திரையைத் துப்பினார். காலால் மண்ணைத் தள்ளி மூடினார்.

நான் வெளியே போனேன். "ஏனுங்க, எத்தன நாளா இப்படி?"

அவர் பதறவில்லை. "ஊட்டுக்கு வந்த நாள்லருந்தே."

"ஏனுங்க?"

"இன்னொருக்கா அந்த மாதிரி வந்தா ஒரேடியாப் போயிரலாம்னுதான் புள்ள. இந்தக் கைய வெச்சுட்டு உக்காந்திருக்க முடியல."

இத்தனை பேரைச் சந்தேகப்பட்ட எனக்கு இது மட்டும் தோன்றவே இல்லை. அவர் பக்கத்தில் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அவர் இடது கையால் என் தோளைத் தொட்டார். இரண்டு பேருமே அழுதோம்.

மறுநாள் காலையிலேயே அவரை டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் எங்களை மனநல மருத்துவரிடம் அனுப்பினார். "மனசுக்கு எதுக்கு புள்ள மாத்திரை" என்று இழுத்த என் கணவர், மூன்றாவது தடவை தானே உள்ளே போய் அரை மணி நேரம் பேசினார். என்ன பேசினார் என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த பரிசோதனையில் கொழுப்பு இறங்கியிருந்தது. அவரும் இப்போது தூங்குகிறார். கை முழுசாக வரவில்லை. திருச்செங்கோடு பஸ்ஸில் தனியாக ஏறிப்போய், பழைய வண்டிக்காரர்களோடு டீ குடித்துவிட்டு வருகிறார். திரும்ப அரை மணி தாமதமானாலும் நான் போன் போட்டுவிடுவேன். "பஸ்ல வாரேன் புள்ள, இருக்கறேன்" என்பார், நான் கேட்பதற்கு முன்னாலேயே.