எந்த லைன், யார் வாங்கிய லைன்?

செய்தி வந்தபோது எறையூரில் ஒரு கரும்புக் கொல்லையின் வரப்பில் நின்றிருந்தேன். கம்பி தாழ்ந்து தொங்குகிறது, காற்றடித்தால் உரசிப் பொறி விழுகிறது, கரும்பு பற்றிக்கொண்டால் யார் பதில் சொல்வது என்று கொல்லைக்காரர் காலையிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் சமாதானம் சொல்லும்போதே போன் அடித்தது. அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் சாந்தி பேசினாள்.

"அண்ணே, கலியபெருமாள் அண்ணன் தவறிட்டாருண்ணே. காலையில பஸ்ஸுக்குக் கெளம்பி, செருப்பு மாட்டுனவரு நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாராம்."

சரி என்றேன். போனைச் சட்டைப் பையில் போட்டேன். கம்பியை இழுத்துக் கட்டும் வேலையை முடித்தோம். கொல்லைக்காரர் டீ வாங்கித் தந்தார். சர்க்கரை தூக்கலாக இருக்கிறது என்று அவரிடம் குறை வேறு சொன்னேன். அதற்குப் பிறகுதான் வண்டியை எடுத்துக்கொண்டு அவர் ஊரான செந்துறைக்குக் கிளம்பினேன். விழுந்தடித்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். ஓடத் தோன்றவில்லை. உள்ளே ஒன்றுமே அசையவில்லை. இத்தனைக்கும் நான் இன்றைக்கு உயிரோடு இருந்து இதை எழுதுவதே அந்த மனிதரால்தான்.

எங்கள் பக்கத்தில் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவர் குரல் தெரியும், முகம் தெரியாது. எங்கள் துணைமின் நிலையத்தில் அவர் ஆபரேட்டர். பெரம்பலூரிலிருந்து ஒரு பக்கமும் அரியலூரிலிருந்து ஒரு பக்கமும் கம்பிகள் வந்து சேர்கிற இடம் அது. கம்பத்தில் ஏறுகிற என்னைப் போன்ற வயர்மேன்கள் முதலில் அவருக்குப் போன் செய்து 'லைன் கிளியர்' வாங்க வேண்டும். அவர் அந்தப் பாதைக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஏறலாம் என்று சொல்வார். வேலை முடிந்து இறங்கியதும் லைனைத் திருப்பித் தருகிறோம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் அவர் மின்சாரத்தை விடுவார். இவ்வளவுதான் அவர் வேலை. எங்கள் உயிர் அதற்குள் இருந்தது.

லைன் என்ற சொல்லை இங்கிலீஷ் என்று இங்கே யாரும் நினைப்பதில்லை. பால் வண்டிக்காரருக்கு அவர் போகிற ஊர்களெல்லாம் லைன். பிஸ்கட் கம்பெனி ஆள் லைனுக்குப் போயிருக்கிறார் என்பார்கள். ரேஷன் கடையில் நிற்பது லைன், டவுனில் ஒட்டி ஒட்டிக் கட்டியிருப்பது லைன் வூடு, போனில் காத்திருந்தால் லைனில் இருங்கள், காலேஜ் வாசலில் நடப்பதும் லைன்தான். கலியபெருமாள் அண்ணனும் வெளியே இப்படியெல்லாம் பேசுகிறவர்தான். ஆனால் சுவிட்சுகள் இருக்கிற பேனல் ரூமுக்குள் அந்தச் சொல்லைத் தனியாக நிற்க விடமாட்டார். யாராவது போனில் "அண்ணே, லைன் வேணும்ணே" என்று சொல்லிவிட்டால் போயிற்று.

"லைன்னா என்ன, பக்கத்து வூட்டுல கேட்டு வாங்குற மொளகாத்தூளா? கிண்ணத்துல போட்டுக் குடுக்கவா? எந்த லைன், எங்கேருந்து எதுவரைக்கும், வாங்குறது யாரு? முழுசா சொல்லு."

சொன்னால் அவர் அதைத் திருப்பிச் சொல்வார். அவர் சொன்னதை நாம் திரும்பவும் சொல்ல வேண்டும். வெயிலில் நின்றுகொண்டு இந்தப் பாராயணம் செய்யும்போது மண்டை காயும். முதுகுக்குப் பின்னால் அவரைத் திட்டாத ஆள் எங்களில் கிடையாது. நானும் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

இன்னொன்றும் அவருக்குப் பிடிக்காது. மின்சாரம் நின்றிருந்தால் நாங்கள் 'லைன் இல்லை' என்போம். "லைன் எங்கயும் போவல, மேலயே தொங்கிட்டிருக்கு பாரு. கரண்ட்தான் இல்ல. அதுவும் நான் நிறுத்துனதாலதான் இல்ல. கம்பியப் பாத்து இல்லைன்னு சொல்லிப் பழகாத" என்பார். ஆனால் ஊர்க்காரர்கள் போன் செய்து "சார், லைன் எப்ப வரும்?" என்று கேட்டால் ஒரு வார்த்தை திருத்தமாட்டார். "இப்ப வந்துடும்மா, வேலை நடக்குது" என்று அவ்வளவு பதமாகச் சொல்வார். எங்களிடம் மட்டும் எரிந்து விழுவார். ஏண்ணே இந்த ஓரவஞ்சனை என்று ஒருமுறை கேட்டேன். "அவங்க கம்பத்துல ஏறப் போறதில்லையே" என்றார்.

நல்லவர் என்று மட்டும் எழுதினால் அவருக்கே சிரிப்பு வரும். சரியான கஞ்சன். செந்துறையில் அவருக்குக் கொஞ்சம் முந்திரிக் கொல்லை உண்டு. பருவத்தில் முந்திரிப்பழம் கொண்டுவந்து, உப்பைத் தொட்டுத் தொட்டு எங்கள் கண்ணெதிரிலேயே தின்பார். கேட்டால் ஒரு துண்டு நறுக்கித் தருவார். அதுவும் காம்புப் பக்கத்துத் துண்டு. யாரையும் பாராட்டிப் பேசி நான் கேட்டதில்லை.

செந்துறையில் அவர் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முகம் கோபமில்லாமல் இருந்தது. யாரோ அழுதுகொண்டே என் கையைப் பிடித்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பெட்டிக்குப் போகிற வயர் ஜாயிண்டில் டேப் சரியாகச் சுற்றவில்லையே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. பெட்டியின் உறுமல் நின்றது. பந்தலில் நாங்கள் பத்துப் பதினைந்து கரண்ட் ஆபீஸ்காரர்கள் உட்கார்ந்திருக்கிறோம். ஊர் ஜனம் மொத்தமும் எங்களைத் திரும்பிப் பார்த்தது.

தெருமுனைக் கம்பத்தில் ஃபியூஸ் போயிருந்தது. அந்தப் பகுதி வயர்மேன் லைன் கிளியர் கேட்டுப் போன் போட்டுப் பார்த்தார். ஆபீஸ் நம்பர் கிடைக்கவில்லை. "நம்ம அண்ணனுக்குத்தானே, நான் ஏறி மாட்டிட்டு வந்துடறேன்" என்று ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். அதற்குள் உள்ளேயிருந்து அண்ணி வெளியே வந்தார்கள். தலை கலைந்து, முகம் வீங்கியிருந்தது.

"வேணாங்க. சொல்லாம யாரும் ஏறாதீங்க. அவரு இருந்தா கத்துவாரு. போன் கெடைக்கட்டும், அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டும்" என்றார்கள்.

எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம். போன் கிடைக்கும்வரை இரண்டு பெண்கள் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே விசிறி என்ன பயன் என்று நினைத்தேன். அப்போதும் அழவில்லை. மாலை சுடுகாட்டுக்குப் போய், குளித்து, கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, வண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன். என் மனைவி சாப்பாடு போட்டாள். ஒரு கை கூடவே சாப்பிட்டேன்.

இனி என் கதை. சில வருடங்களுக்கு முன் ஒரு கிராமத்துப் பாதையில் வேலை. லைன் கிளியரை என் பெயரில் வாங்கியிருந்தேன். எங்கள் ஆட்கள் ஊர்ப் பக்கம் நின்று வேலை செய்தார்கள். நான் சோளக் கொல்லைகளைத் தாண்டித் தள்ளியிருந்த ஒரு கம்பத்துக்குத் தனியாகப் போனேன். புழுக்கம் தாங்காமல் சட்டையைக் கழற்றி வண்டியில் மாட்டினேன். போன் அந்தச் சட்டையில் இருந்தது. மேலே ஏறி உட்கார்ந்து, விட்டுப்போன இணைப்பை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அந்த ஊரில் கும்பாபிஷேகம். அன்னதானத்துக்குச் சமைக்கத் தண்ணீர் ஏறவில்லை, மைக் செட் நின்றுவிட்டது. ஜனம் எங்கள் லைன் இன்ஸ்பெக்டரைச் சூழ்ந்துகொண்டது. ஊர்ப் பக்கத்து வேலை முடிந்து எல்லோரும் இறங்கியிருந்தார்கள். தவறி மின்சாரம் வந்தால் மண்ணுக்குள் இறக்கிவிடக் கம்பியில் மாட்டியிருந்த எர்த் ராடையும் கழற்றிவிட்டார்கள். என்னைக் காணோம். சோறு சாப்பிடப் போயிருப்பேன் என்று அவரவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் போன் செய்தார். அவர் என்ன பேசினார், அண்ணன் என்ன பதில் சொன்னார் என்பதைப் பக்கத்தில் நின்றவர்கள் எனக்குப் பிறகு சொன்னார்கள்.

"கலியபெருமாள், எல்லாம் முடிஞ்சுது. கரண்ட விடுங்க."

"வாங்குனது செல்வராசுங்க. அவனைப் பேசச் சொல்லுங்க."

"அவன் சாப்பிடப் போயிருப்பான்யா. நான் சொல்றேன், விடுங்க."

"போயிருப்பான்னா எப்படிங்க? சாப்பிட்டு வந்து பேசட்டும். வாங்குன வாய்தான் திருப்பித் தரணும்."

பிறகு ஊர்ப் பெரியவர்கள் பேசினார்கள். கெஞ்சினார்கள், அப்புறம் அவர் குடும்பத்தையே இழுத்துத் திட்டினார்கள். மேலதிகாரி ஒருவர் பேசினார். உன்னை எங்கே தூக்கி அடிக்கிறேன் பார் என்றார். "அடிங்க சார். அவன் பேசாம போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் போனை வைத்துவிட்டாராம்.

நான் இறங்கி வந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, போனில் வரிசையாகக் கிடந்த அழைப்புகளைப் பார்த்தேன். அவருக்குத்தான் முதலில் பேசினேன். "தரையில நிக்கிறியா?" என்றார். நிக்கிறேன்ணே என்றேன். எந்த லைன், யார், எதுவரைக்கும் என்று முழுப் பாராயணமும் சொல்ல வைத்துவிட்டுத்தான் மின்சாரத்தை விட்டார். எங்கள் ஆட்கள் வந்து நடந்ததைச் சொன்ன பிறகு வரப்பில் உட்கார்ந்தேன்.

மறுநாள் பெரம்பலூரில் அல்வா வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். "நான் மேலதான் இருந்தேன்னு உங்களுக்கு எப்படிண்ணே தோணுச்சு?" என்று கேட்டேன். ஏதோ உள்ளுணர்வு, தம்பி மேல் பாசம், இப்படி ஒரு பதிலை எதிர்பார்த்தேன்.

"எனக்கு என்ன தோணுது? சோத்தைத் தின்னுட்டு எங்கியோ நெழல்ல படுத்துட்டான் எருமைன்னு உன்னைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்" என்றார். அல்வாவைப் பிரித்து, நெய் காறுகிறது என்றும் சொன்னார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அன்று சப்பென்று ஆகிவிட்டது. என் உயிரைக் காப்பாற்றியவருக்கு நான் ஆபத்தில் இருந்ததே தெரியாது என்பதை ஏற்றுக்கொள்ளக் கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அவர் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. மூட்டுவலியால் கம்பம் ஏறச் சிரமப்படுகிறேன் என்று என்னைத் தற்காலிகமாக அந்த நாற்காலியில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் பூலாம்பாடிப் பக்கம் வேலை. லைன் வாங்கியவர் தமிழரசன். மதியத்துக்கு மேல் வேறொருவர் குரல் பேசியது.

"அண்ணே, முடிஞ்சுதுண்ணே, விட்டுடுங்க."

"தமிழரசனைப் பேசச் சொல்லுங்க."

"அவரு பின்னாடி வர்றாருண்ணே. நான் சொன்னா பத்தாதா?"

பத்தாது என்றேன். கொஞ்ச நேரத்தில் நம்பரைப் பிடித்து ஊர்க்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். யோவ், நீ என்ன பெரிய கலெக்டரா என்றார் ஒருவர். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த குழந்தை வேர்த்து அழுகிறது என்று ஒரு பெண் சொன்னாள். அந்தக் குழந்தையின் அழுகை போனிலேயே கேட்டது. அப்புறம் ஓர் அதிகாரி. "கலியபெருமாள் போயிட்டாருன்னு பாத்தா, இன்னொருத்தரை உக்கார வெச்சிருக்காங்களா?" என்றார். சட்டை நனைந்துவிட்டது. கை தானாக சுவிட்சுக்குப் போனது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கடைசியில் தமிழரசன் பேசினார். வண்டி பஞ்சர், போனில் சார்ஜ் இல்லை, டீக்கடைக்காரர் போனைக் கேட்டு வாங்கிப் பேசுகிறேன் என்றார். எல்லோரும் எப்போதோ இறங்கிவிட்டார்கள். கம்பத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. நான் கேட்ட வசவெல்லாம் வெட்டி.

மின்சாரத்தை விட்டுவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அழுகை வந்தது. சத்தமாகவே வந்தது. வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு ஒரு நாள் நடந்தது இது. அவருக்கு வாராவாரம் நடந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, நல்ல நாள் பெரிய நாள் பார்க்காமல், பெற்றவளையும் பெண்டாட்டியையும் இழுத்துத் திட்டியதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு செந்துறை பஸ் ஏறியிருக்கிறார்.

அவருடையது என்று நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அந்த வசவுகளைத்தான். ஆளே இல்லாத கம்பங்களுக்காக ஆயுசு பூராவும் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதில் ஒரே ஒரு கம்பத்தில் நான் இருந்தேன்.