தம்பி சாப்பிட்ட இலை

என் தம்பி லாரி ஓட்டினான். பம்பாய் லைனில் போனால் ஊர் திரும்ப மாதக்கணக்காகும். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு கோடையில், கூட வண்டி ஓட்டுகிறவர் ஒருவர் அவனைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பேட்டையில் எங்கள் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். ஆள் பாதியாகியிருந்தான். தம்பி பெண்டாட்டியும் கைப்பிள்ளையும் அந்த வீட்டில்தான் இருந்தார்கள். நானும் அங்கேதான். புருஷன் போய், பிள்ளையும் இல்லாதவள் வேறு எங்கே போவேன். ஐந்தாம் வகுப்போடு சரி என் படிப்பு. வெளி ஆட்களிடம் பேச எனக்கு வராது. கூடத்தில் யாராவது வந்து உட்கார்ந்தால் அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எந்த ஆஸ்பத்திரி என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. அங்கே கட்டிலுக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். ஆயா சோற்றுத் தட்டைத் தரையில் வைத்துக் காலால் தள்ளிவிட்டுப் போனாள். பக்கத்துக் கட்டில்காரர் தன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு டாக்டர் அண்ணனை மட்டும் வெளியே கூப்பிட்டார். திரும்பி வந்த அண்ணன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தபடியே இருந்தார்.

"வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாங்க" என்றார். கொஞ்சம் கழித்துத்தான் நோயின் பேரைச் சொன்னார். எய்ட்ஸ். பஸ் ஸ்டாண்டு சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருப்பதை நான் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன்.

"அவன் பெண்டாட்டிக்குத் தெரியாண்டாம். தெரிஞ்சா பிள்ளையத் தூக்கிட்டு சாத்தான்குளத்துல பெறந்த வீட்டுக்குப் போயிருவா. பெறகு இவனை யாரு பாப்பா? டி.பி.ன்னு சொல்லியாச்சு. டாக்டரும் ஆம்பளையளோட இருக்கட்டும்னுதான் சொல்லுதாரு."

"அவளுக்கு ஒட்டிக்கிடுமாண்ணே?"

அண்ணன் சுவரைப் பார்த்தார். "பக்கத்துல அண்ட விடாமப் பாத்துக்கோ."

எப்படி ஒட்டும் என்று அவர் சொல்லவில்லை. ஒரு அண்ணன் தங்கச்சியிடம் சொல்லக்கூடிய பேச்சு இல்லை அது. நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த மட்டில் நோய் என்றால் எச்சிலில்தான் ஒட்டும்.

தொழுவத்தை ஒட்டிய அறையில் அவனைப் படுக்க வைத்தோம். அண்ணன் பெண்டாட்டி அவன் தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்துக் கட்டிவைத்துவிட்டாள். "இனி எலையில போடு. தின்னதும் தூரப் போட்டுரலாம்" என்றாள். பின்னால் வாழை நின்றது; இலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் புருஷன் சாப்பிட்டு எழுந்த இலையில் பெண்டாட்டி உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். தட்டு வந்த பிறகு எங்கள் வீட்டில் அது நின்று போயிருந்தது. இலையைக் கண்டதும் தம்பி பெண்டாட்டி கல்யாணப் பெண்ணைப்போல அதற்கு முன்னால் போய் உட்காரப் பார்த்தாள். அவன் கை கழுவத் திரும்புவதற்குள் இலையை மடித்து எடுத்துக்கொண்டு குப்பைக்குழிக்கு ஓடினேன்.

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லை. அவன் சாப்பிட உட்கார்ந்தால் நான் கதவோரம் நிற்பேன். கடைசிக் கவளத்துக்குக் காத்திருப்பேன். ராத்திரியில் அவள் எங்கே படுத்திருக்கிறாள் என்று எழுந்து எழுந்து பார்ப்பேன். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அரிசி களைந்தேனா, களையவில்லையா என்று மறந்துபோகும்.

ஒருநாள் துவைக்கிற கல்லில் அவள் போர்வையைக் கும்மிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"என்ன மதினி, நான் உக்காருததுக்குள்ள எலையப் பறிச்சிட்டு ஓடுதிய. தெரு நாய்க்குக் கெடைக்கி அந்த எலை. எனக்குக் கெடைக்க மாட்டங்கு."

"டி.பி. ஒட்டிக்கிடும்லா தாயி."

"எங்க அப்பாவுக்கு டி.பி. இருந்தது. எங்க அம்ம அவுக எலையிலதான் கடைசிவரைக்கும் சாப்ட்டா. டி.பி.யப் பத்தி எனக்குச் சொல்லாதிய. ஒங்க தம்பிய நான் கொண்டுட்டுப் போயிருவேன்னு நெனச்சா, நீங்களே வச்சுக்கிடுங்க."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். அண்ணன் சொன்னது, டாக்டர் சொன்னது, எல்லாம். அவள் போர்வையைப் பிழிவதை நிறுத்தவே இல்லை. தண்ணீர் வடிந்த பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"அண்ணன், அண்ணன் பெண்டாட்டி. ஆஸ்பத்திரி ஆயா. பக்கத்துக் கட்டில்காரர்."

"கொண்டாந்து விட்டுட்டுப் போனாரே, அவருக்கு?"

"தெரிஞ்சிருக்கும்."

"அப்ப தெரியாதவ நான் ஒருத்திதான்."

பிறகு போர்வையைக் கல்மேல் போட்டாள். தலையைக் குனிந்துகொண்டு, "எலையில ஒட்டாது மதினி" என்றாள். "ரேடியோவுல சொல்லுதாங்க. சேந்து சாப்ட்டா ஒட்டாதாம். வேற மாதிரிதான்." அதற்குமேல் சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை. "பொங்கலுக்கு வந்தாகள்லா, பத்து நாள் இருந்துட்டுப் போனாக" என்று மட்டும் சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் காவல் காத்தது எல்லாம் வேறு வாசலில்.

அன்று சாயங்காலம் அவள் நேராகக் கூடத்துக்குப் போய் நின்றாள். "அத்தான், நான் ரத்தம் பாக்கணும்."

அண்ணன் வெற்றிலையை மடியில் வைத்துவிட்டு, "யாரு சொன்னா?" என்றார்.

அடுப்படி நிலைக்குப் பின்னால் நின்று, "நான்தான்" என்றேன்.

"ஏட்டி, ஒங்கிட்ட அவளப் பாத்துக்கோன்னுதான சொன்னேன்? இனித் தெரு முழுக்கத் தெரியும். நாளைக்கு இந்தப் பிள்ளைய யாரு கெட்டுவா? நான் வரமாட்டேன். போறவுக போங்க."

கோபத்தில்தான் சொன்னார். ஆனால் கண் கலங்கியிருந்தது. நாங்கள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, தம்பிக்குக் கஞ்சி கொடுத்தது அவர்தான் என்று திரும்பி வந்து தெரிந்துகொண்டோம்.

"ஆம்பளைங்க யாரும் வரலையா?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். ரத்தம் எடுத்தார்கள். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அந்த வாரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. விளக்கிய பாத்திரத்தையே விளக்கிக்கொண்டிருந்தேன்.

திரும்பப் போனபோது பெஞ்சு நிறைய ஆட்கள். டாக்டர் கதவைத் திறந்து எங்களைப் பார்த்தார். "பெரியம்மா, நீங்க மட்டும் உள்ள வாங்க" என்றார்.

பழக்கம்தான், எழுந்துவிட்டேன். கதவுவரை போயும்விட்டேன். திரும்பிப் பார்த்தால் அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லில் போர்வை பிழிந்தபோது இருந்த அதே முகம்.

"டாக்டரய்யா, அவ ரத்தம். அவகிட்டச் சொல்லுங்க" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் "என்ன?" என்றார். இன்னொரு தடவை சொல்லவேண்டியதாயிற்று. இந்தத் தடவை பெஞ்சில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. டாக்டர் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார். பிறகு அவளைப் பார்த்து, "நீ வாம்மா" என்றார்.

பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. நான் உட்காரவில்லை. பானைத் தண்ணீரைத் தாகமில்லாமல் குடித்தேன். வராந்தாக் கோடிவரை போய்ப் போய்த் திரும்பினேன். பிள்ளை என் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது.

வெளியே வந்தவள் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பஸ் ஆற்றுப்பாலத்தில் ஏறும்போது ஜன்னல் வழியாகத் தண்ணீரையே பார்த்தாள். கேட்டுவிடலாம் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

வாசலிலேயே அண்ணன் மறித்தார். "என்ன சொன்னாரு?"

"நான் உள்ள போகலண்ணே."

அவர் நம்பவில்லை. அவள் எங்களைத் தாண்டிப் போய்க் கால் கழுவிவிட்டு, இலை அறுத்துவந்து தம்பிக்குச் சோறு போட்டாள். அவன் எழுந்ததும் அதே இலையில் உட்கார்ந்தாள். நான் கதவோரம் நின்றேன். இலையைத் தொடவில்லை. மோர் கொண்டுவந்து ஊற்றினேன்.

தம்பி அந்த வருஷமே போய்விட்டான். டாக்டர் சொன்னதை அவளாகவே ஒருநாள் என்னிடம் சொன்னாள். இப்போதும் கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் என் பக்கத்தில் நகர்ந்து வந்து உட்கார்ந்து, "அவளுக்கும் இருந்துதா?" என்று கேட்கிறார்கள். இதைப் படிக்கிறவர்களுக்கும் கேட்கத் தோன்றும். எனக்குத் தெரியும். ஆனால் அது அவளுடையது. யாராவது கேட்டால் எழுந்து, சாப்பாடு போடுகிற பந்திக்கட்டுப் பக்கம் போய்விடுவேன். அங்கே ஏதாவது வேலை கிடக்கும்.